ஹில்லெலும் ஏழாம் வருஷத்துக் கடனும்: வாசகர் கேள்வி பதில்

யூத ஞானி ஹில்லெலைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல் அவருடைய பொன்மொழிகளைப் பற்றியவை. பொன்மொழிகளைக் காட்டிலும், அவர் வகுத்த நடைமுறைகளில்தான் ஆள் நன்றாகத் தெரிகிறார் என்பது எங்கள் எண்ணம். பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ரபி ஹில்லெல் இயேசுவின் காலத்தவரா? அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலுக்கு இவர் என்ன உறவு? (பாளையங்கோட்டை வாசகர்)

முதலில் ஒரு திருத்தம்: அவர் 'ரபி' அல்ல. எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்ட காலத்தை ஒட்டித்தான் அந்தப் பட்டம் ஆசிரியர்களின் பெயருக்கு முன்னால் ஏறியது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அவர் வெறும் ஹில்லெல். சில இடங்களில் 'ஹில்லெல் ஹா-ஸாக்கேன்', அதாவது மூப்பர் ஹில்லெல்.

ஹில்லெல், சிமியோன், கமாலியேல், சிமியோன் என்ற நால்வரும் தேவாலயம் நின்ற கடைசி 100 ஆண்டுகள் தலைமை வகித்தார்கள் என்கிறது, மிஷ்னாவை ஒட்டி எழுந்த விவாதத் தொகுப்பான தல்மூத். 70இலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஏறத்தாழ கி.மு. 30, ஏரோது ஆண்ட காலம். இயேசுவுக்கு ஒரு தலைமுறை மூத்தவர் என்று கொள்ளலாம். பவுல் யாருடைய பாதத்தருகே படித்ததாகச் சொல்கிறாரோ (அப். 22:3) அந்தக் கமாலியேல் இந்தப் பட்டியல்படி ஹில்லெலின் பேரன்.

அவர் 120 வயது வாழ்ந்தார் என்றும் எழுதியிருக்கும்: 40 வருஷம் பாபிலோனில், 40 வருஷம் குருமாரிடம், 40 வருஷம் தலைவராக. மோசேயின் ஆயுளும் இதே மூன்று நாற்பதுகள். அந்தக் கணக்கை மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள், வரலாறாக வேண்டாம். மிஷ்னா தொகுக்கப்பட்டதே கி.பி. 200 வாக்கில்தான். அவரைப் பற்றிய கதைகளில் பல அதற்கும் பிந்திய ஏடுகளில்தான் கிடைக்கின்றன. அவர் போட்ட சட்டங்கள் மிஷ்னாவிலேயே இருப்பதால் அவற்றை இன்னும் கொஞ்சம் உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

விறகு வெட்டிப் பிழைத்த ஹில்லெல் பனியில் உறைந்து கிடந்த கதை உண்மையா? (நாகர்கோவில் வாசகர்)

தல்மூதில் (யோமா 35ஆம் ஏடு) கதை இருக்கிறது, விறகு இல்லை. கூலி வேலை என்று மட்டுமே அங்கே வருகிறது. விறகுவெட்டி ஆக்கியவர் 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடஸ். மிஷ்னாவுக்கு எழுதிய உரையில் அப்படிச் சொல்கிறார்.

கதையில் கவனிக்க வேண்டியது கூலிக் கணக்கு. நாளுக்கு ஒரு 'த்ரொபாய்க்', அதாவது அரை தினார். அதில் பாதி பாடசாலை வாயில்காப்போனுக்கு, மீதியில் குடும்பம் நடக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, தேவேத் மாதக் குளிரில், வேலை கிடைக்கவில்லை. காப்போன் உள்ளே விடவில்லை. கூரையில் ஏறி வெளிச்சத் துவாரத்தின் மேல் படுத்து, உள்ளே குருமார் ஷெமாயாவும் அவ்டாலியோனும் நடத்திய பாடத்தைக் கேட்டார். விடிந்தும் அறை இருட்டாக இருக்கவே அண்ணாந்து பார்த்தால் துவாரத்தில் மனித உருவம், அதன் மேல் மூன்று முழம் பனி. இறக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, தீயருகே உட்கார வைத்தார்கள். ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகள் இவை. "இவனுக்காக ஓய்வுநாளை மீறலாம்" என்றார்கள் அந்த இருவரும்.

வறுமையால் படிக்கவில்லை என்று சாக்குச் சொல்பவனை மடக்கவே தல்மூத் இந்தக் கதையை வைத்திருக்கிறது. எங்களுக்கு உறுத்துவது வேறு: அந்த வாயில்கட்டணத்தை ஒருவரும் நீக்கியதாக இந்தக் கதையில் இல்லை.

ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிட வேண்டும் என்கிறது உபாகமம் 15. ஹில்லெல் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பத்திரம் கண்டுபிடித்தாராமே? எப்படி எழுதுவார்கள்? வேதத்தையே ஏமாற்றுவது ஆகாதா? (திருச்சி வாசகர்)

பத்திரத்தின் பெயர் 'ப்ரோஸ்பூல்', கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஹில்லெல் செய்ததில் எல்லாவற்றிலும் பெரியது இதுதான், ஆகையால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம்.

ஏழாம் வருஷ முடிவில் கைமாற்றுக் கடன்கள் அழியும். ஆகவே ஐந்தாம், ஆறாம் வருஷங்களிலேயே பணக்காரர் கையை இறுக்கிக்கொண்டார்கள். 'விடுதலை வருஷம் கிட்டியிருக்கிறது என்று நினைத்து ஏழைக்குக் கொடுக்காமல் இராதே' என்று அதே அதிகாரத்தின் 9ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஏழையைக் காக்க வந்த சட்டத்தால் ஏழைக்கே கடன் கிடைக்காமல் போயிற்று. ஹில்லெல் பத்திரம் கொண்டுவந்ததற்கு மிஷ்னா (ஷெவியித் 10:3) சொல்லும் காரணம் இதுவே.

வழி எங்கே கிடைத்தது? 'உன் கை விட்டுவிடக்கடவது' என்கிறது வசனம். கடன் நீதிமன்றத்தின் கையில் இருந்தால் அது 'உன் கை' அல்ல. புரோநோட்டுகளை நீதிபதிகளிடம் ஒப்படைத்துவிட்டால் கடன் அழியாது என்ற விதி ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு நோட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஒரே அறிவிப்பு போதும் என்றாக்கினார் ஹில்லெல்.

வாசகம் சின்னது: "இன்ன ஊர் நீதிபதிகளான இன்னாரும் இன்னாருமாகிய உங்களிடம் ஒப்படைக்கிறேன்: எனக்கு வர வேண்டிய எந்தக் கடனையும் நான் விரும்பும் போது வசூலித்துக்கொள்வேன்." கீழே நீதிபதிகளோ சாட்சிகளோ கையெழுத்திட வேண்டும். கடன் வாங்கியவர் வர வேண்டியதில்லை, அவர் சம்மதமும் வேண்டியதில்லை.

எங்கே தவறும் என்பதையும் மிஷ்னாவே அடுக்குகிறது. முதலாவது நிலம். கடன் வாங்கியவருக்குத் துளி நிலமாவது இருக்க வேண்டும்; நிலத்தின் மேல் கடன் நின்றால்தான் அது மன்றத்தால் ஏற்கெனவே வசூலானதுபோல ஆகும். இல்லாதவருக்குக் கடன் கொடுத்தவரே தன் வயலில் எவ்வளவு சிறியதானாலும் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு எழுதலாம். ஒரு முட்டைக்கோஸ் தண்டு நிற்கும் இடம் போதும் என்கிறது தல்மூத்.

இரண்டாவது தேதி. எழுதிய நாளுக்கு முந்தைய கடன்களை மட்டுமே ப்ரோஸ்பூல் காக்கும். முன்தேதியிட்டால் செல்லும், கொடுத்தவர் தன் பாதுகாப்பைத் தானே குறைத்துக்கொள்கிறார், யாருக்கும் நஷ்டமில்லை. பின்தேதியிட்டால் செல்லாது, எழுதிய பின் கொடுத்த கடனும் உள்ளே நுழைந்துவிடும். புரோநோட்டுக்கு இது தலைகீழ்: முன்தேதியிட்ட நோட்டு செல்லாது. இடைப்பட்ட காலத்தில் கடன்காரரிடம் நிலம் வாங்கிய மூன்றாம் மனிதரின் நிலத்தை அதைக் காட்டிப் பறிக்கலாம் அல்லவா?

மூன்றாவது எண்ணிக்கை. ஒருவர் ஐந்து பேருக்குக் கொடுத்திருந்தால் ஒரு ப்ரோஸ்பூல் போதும். ஐந்து பேர் ஒருவருக்குக் கொடுத்திருந்தால் ஐந்து பேரும் தனித்தனியாக எழுத வேண்டும்.

அடகு வைத்த கடன், கடைப்பாக்கி, கூலிப்பாக்கி ஆகியவற்றுக்கு இது தேவையே இல்லை. அவை ஏழாம் வருஷத்தில் அழிவதில்லை. ஆனால் கடைப்பாக்கியைக் கடனாக மாற்றி எழுதினால் அழியும். ப்ரோஸ்பூல் இல்லாமல் காலம் கடந்துபோய், கடன்காரர் தானே பணத்தோடு வந்தால்? "விட்டுவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். "ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம்.

ஏமாற்று வேலையா என்ற உங்கள் கேள்வியைத் தல்மூதிலேயே கேட்டுவிட்டார்கள் (கித்தீன் 36, 37). பாபிலோனிய ஆசிரியர் சாமுவேல், "இது நீதிபதிகளின் அகம்பாவம், எனக்கு வலு வந்தால் ஒழித்துவிடுவேன்" என்றார். ராவ் நஹ்மானோ, எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்றார். ஒரு மனிதன் தோராவை, அதாவது மோசேயின் வேதச் சட்டத்தை, எப்படி மீறலாம் என்பதற்கு அங்கே இரண்டு பதில்கள்: இக்காலத்துக் கடன் விடுதலையே ஞானிகள் விதித்தது, ஆகவே ஞானிகள் தளர்த்தலாம் என்று அபாயே, சொத்துரிமையை மாற்ற மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று ராவா. எங்கள் கட்சி ராவ் நஹ்மான் பக்கம். விதியின் எழுத்தை வைத்தே விதியின் நோக்கத்தைக் காப்பாற்றியதை மோசடி என்று சொல்ல மனம் வரவில்லை.

யூதேயப் பாலைவனத்து முரப்பாத் குகையில், நீரோ மன்னனின் 2ஆம் ஆண்டுக் கடன்சீட்டு ஒன்று கிடைத்தது. விடுதலை வருஷமானாலும் திருப்பித் தருவேன் என்று வாங்கியவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது ப்ரோஸ்பூல் அல்ல. ஆனால் அந்தக் கவலை ஏட்டில் மட்டும் இருந்ததல்ல என்று தெரிகிறது. இன்றும் ப்ரோஸ்பூல் எழுதுகிறார்கள். சென்ற விடுதலை வருஷம் யூதக் கணக்கில் 5782 (2021-22). அடுத்தது 5789, முடிவது 2029 செப்டம்பரில்.

கடன் தவிர வேறு ஏதாவது நடைமுறைச் சட்டம் ஹில்லெல் பெயரில் உண்டா? (கோவை வாசகர்)

இரண்டு சொல்கிறோம்.

மதில் சூழ்ந்த நகரத்தில் வீட்டை விற்றவர் ஒரு வருஷத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்கலாம்; தவறினால் வீடு வாங்கியவருக்கே நிலைக்கும் (லேவியராகமம் 25:29-30). வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 12 மாதம் முடியும் கடைசி நாளில் ஒளிந்துகொண்டார்கள். மீட்க வந்தவர் பணத்தை யாரிடம் கொடுப்பார்? ஹில்லெல் விதித்தார்: பணத்தை தேவாலயத்துக் கருவூல அறையில் போட்டுவிட்டு, கதவை உடைத்து வீட்டுக்குள் போகலாம். ஒளிந்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பணத்தை எடுத்துக்கொள்ளட்டும். சாந்தமூர்த்தி என்று பேர் வாங்கியவர் கதவை உடைக்கச் சொன்னது இந்த ஒரு இடத்தில்தான்.

இன்னொன்று ரொட்டி. பக்கத்து வீட்டுக்கு ஒரு ரொட்டி கைமாற்றாகக் கொடுப்பதானால், அன்றைய விலையைப் பேசிவிட்டுத்தான் ஒரு பெண் கொடுக்க வேண்டும் என்றார். கோதுமை விலை ஏறியபின் அதே ரொட்டி திரும்பி வந்தால் கொடுத்ததைவிட அதிகம் வாங்கியதாகும், அது வட்டி. ஒரு தம்ளர் சர்க்கரை வாங்கக்கூட வாசல் தாண்டிப் போகும் நம் தெருக்களில் இந்தச் சட்டம் ஒரு நாள் நிற்காது. அங்கேயும் நிற்கவில்லை, மற்ற ஞானிகள் ஏற்கவில்லை.

'ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்தில் தோரா முழுவதும்' என்ற கதையைச் சரியாகச் சொல்லுங்கள். (புதுச்சேரி வாசகர்)

புறமதத்தான் ஒருவன், ஹில்லெல் காலத்து மற்றொரு பெரிய ஞானியான ஷம்மாயிடம் வந்து, நான் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா முழுவதையும் கற்றுக்கொடுத்தால் உங்கள் மார்க்கத்தில் சேர்கிறேன் என்றான். ஷம்மாய் கையிலிருந்த கட்டட வேலை முழக்கோலால் தள்ளி விரட்டினார். ஹில்லெலோ சேர்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாதே. தோரா முழுவதும் இதுவே; மற்றது அதன் உரை. போய்ப் படி."

மேற்கோள் காட்டுபவர்கள் கடைசி இரண்டு சொற்களை விழுங்கிவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் அது காலண்டர் வாசகம். கருத்தும் அவர் புதிதாகக் கண்டதல்ல. அவருக்கு முந்திய தோபித்து ஆகமத்தில் (4:15) அது இருக்கிறது. அதைத் தோராவின் தலைவாசலாக வைத்து, உள்ளே போகச் சொன்னதுதான் ஹில்லெலுடையது.

ஹில்லெலின் 'ஏழு விதிகள்' என்ன? உதாரணத்தோடு விளக்க முடியுமா? (மதுரை வாசகர்)

வேத வசனத்திலிருந்து சட்டம் எடுக்கும் ஏழு முறைகள். ஏழையும் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. அவர் அவற்றைக் கையாண்டார் என்பதே பழைய ஏட்டில் (தோசெப்தா) உள்ளது. பின்னால் ரபி இஸ்மவேல் 13 ஆக விரித்தார். ஏழையும் ஒப்பிப்பதைவிட இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

'கல் வஹோமெர்': நம் உரைகாரர்கள் கைமுதிக நியாயம் என்பார்களே, அதுதான். இதற்கே இப்படியென்றால் அதற்குச் சொல்ல வேண்டுமா என்ற வாதம். ஹில்லெல் குளிக்கப் போனார். "இதிலும் தர்மம் உண்டா?" என்றார்கள் சீடர்கள். "அரசனின் சிலைகளைத் தேய்த்துக் கழுவ ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். தேவசாயலாகப் படைக்கப்பட்ட நான் என்னைக் கழுவ வேண்டாமா?"

'கெஸெரா ஷாவா': இரண்டு வசனங்களில் ஒரே சொல் வந்தால் ஒன்றின் சட்டம் மற்றதற்கும் செல்லும். பஸ்கா ஆடு அறுக்கும் நாளான நீசான் மாதம் 14 ஒருமுறை ஓய்வுநாளில் விழுந்தது. அன்று பஸ்கா ஆட்டை அறுக்கலாமா? தலைமையில் இருந்த பெத்தேரா குடும்பத்தாருக்கு விதி மறந்துபோயிற்று. ஹில்லெல் காட்டினார்: பஸ்காவுக்கும் 'குறித்த காலத்தில்' என்று இருக்கிறது (எண்ணாகமம் 9:2), அன்றாடப் பலிக்கும் அதே சொல் (28:2). அன்றாடப் பலி ஓய்வுநாளிலும் நடக்கிறது, ஆகவே பஸ்காவும் நடக்கும். கூடவே ஒரு கல் வஹோமெர்: அன்றாடப் பலியைச் செலுத்தாதவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவதில்லை, அதுவே ஓய்வுநாளை மீறுகிறது, பஸ்காவை விட்டவனோ அறுப்புண்டு போவான், அப்படியானால் பஸ்கா மீறாதா?

பாபிலோனியத் தல்மூதில் உடனே அவரைத் தலைவராக்கிவிடுகிறார்கள். எருசலேம் தல்மூத் இன்னும் நேர்மையானது. அங்கே எல்லா வாதமும் உடைகிறது: அன்றாடப் பலி மகா பரிசுத்தம், பஸ்கா அதற்குக் கீழ்; கெஸெரா ஷாவாவை எவரும் தன்னிச்சையாகச் செய்யக் கூடாது. நாள் முழுவதும் வாதாடியும் ஏற்காதவர்கள், "ஷெமாயாவிடமும் அவ்டாலியோனிடமும் இப்படித்தான் கேட்டேன்" என்று அவர் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை தர்க்கம் இருந்தாலும் குருவின் வாய்ச்சொல்தான் கடைசியில் செல்லுபடியாயிற்று.

பதவி கிடைத்ததும் ஹில்லெல் அவர்களைக் கடிந்து பேசினார்; பேசியதும் அடுத்த கேள்விக்கு விடை மறந்துபோனது. ஓய்வுநாளுக்கு முன்பே கத்தியைக் கொண்டுவராதவன் என்ன செய்வது? "ஜனங்களை விடுங்கள்; தீர்க்கதரிசிகள் இல்லாவிட்டாலும் தீர்க்கதரிசிகளின் பிள்ளைகள்" என்றார். மறுநாள் பார்த்தால், செம்மறி கொண்டுவந்தவன் அதன் ரோமத்திலும், வெள்ளாடு கொண்டுவந்தவன் கொம்புகளுக்கு நடுவிலும் கத்தியைச் செருகி ஓட்டி வந்தான். அதைக் கண்டதும் விதி நினைவு வந்தது.

யூத நண்பர் வீட்டு பஸ்கா விருந்தில் ஹில்லெல் பெயரில் ஒரு ரொட்டி மடிப்பு கொடுத்தார்கள். மூன்று தடவை தனித்தனியாகச் சாப்பிடச் சொன்னது ஏன்? (மும்பை வாசகர்)

அதன் பெயர் 'கோரேக்', சுற்றுவது என்று பொருள். தேவாலயக் காலத்தில் ஹில்லெல் பஸ்கா இறைச்சி, புளிப்பில்லா ரொட்டியான மாட்சா, கசப்புக்கீரையான மாரோர் மூன்றையும் ஒன்றாகச் சுற்றி உண்டார். 'புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்பான கீரைகளோடும்' என்ற வசனம் (எண்ணாகமம் 9:11) அவருக்கு ஆதாரம்.

இன்று பலி இல்லை. அதனால் மாட்சா தோராவின் கட்டளையாகவே நிற்க, மாரோர் ஞானிகளின் கட்டளையாக இறங்கிவிட்டது. முதலிலேயே சேர்த்துத் தின்றால் கீழ்ப்படிக் கட்டளையின் சுவை மேல்படிக் கட்டளையின் சுவையை மூழ்கடிக்கும். ஆகவே முதலில் மாட்சா தனியாக, பிறகு மாரோர் தனியாக, கடைசியில் ஹில்லெலின் நினைவுக்காக இரண்டும் சேர்த்து. தேவாலயத்தின் நினைவாக, ஹில்லெல் செய்தபடி என்று சொல்லிவிட்டு உண்பார்கள்.

தட்டிலுள்ள மூன்று மாட்சாக்களில் அடியில் இருப்பதை எடுக்க வேண்டும். மாட்சாவும் மாரோரும் ஆளுக்கு ஒவ்வோர் ஒலிவப்பழ அளவு. கொள்ளளவில் சுமார் 27 மில்லிலிட்டர் என்பது பரவலான ஒரு கணக்கு. மாரோருக்கு ரோமேன் லெட்யூஸ் இலை நல்லது, ஆனால் பூச்சி பார்த்துக் கழுவாமல் வைக்கக் கூடாது. ஹரோசெத்தில் (பழம், கொட்டைப்பருப்பு, திராட்சரசம் சேர்த்து அரைத்த விழுது) தோய்த்து உதறிவிட வேண்டும். அப்பிக்கொண்டால் இனிப்பில் கசப்பு போய்விடும். மாட்சாவுக்கும் கோரேக்குக்கும் இடப்பக்கம் சாய்ந்து உண்பார்கள், தனி மாரோருக்குச் சாய்வதில்லை. மாட்சாவுக்கு ஆசி சொன்னது முதல் கோரேக் முடியும் வரை வேறு பேச்சு கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் முதலில் தவறும்.

ஹில்லெல் இளக்கம், ஷம்மாய் கண்டிப்பு: இப்படி வைத்துக்கொள்ளலாமா? (சென்னை வாசகர்)

மனோபாவத்துக்குச் சரி, சட்டத்துக்கு முழுதாகப் பொருந்தாது. பண்டிகை நாளில் கோழி இட்ட முட்டையை அன்றே தின்னலாம் என்றவர்கள் ஷம்மாய் பள்ளியார். கூடாது என்றவர்கள் ஹில்லெல் பள்ளியார். விவாகரத்தில், மனைவியிடம் ஒழுக்கக் கேடு கண்டால் மட்டுமே தள்ளலாம் என்றது ஷம்மாய் பள்ளி. சமையலைக் கெடுத்தாலே போதும் என்றது ஹில்லெல் பள்ளி. எந்த முகாந்தரத்துக்காகவும் தள்ளலாமா என்று மத்தேயு 19இல் பரிசேயர் கேட்பது இந்தத் தகராறைத்தான். கணவனுக்கு இளக்கம் என்றால் மனைவிக்கு என்ன என்று கேட்டால், இங்கே ஷம்மாய் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

பள்ளிகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான தகராறுகள் உண்டு. அந்த இருவருக்குள் நேரடியாக இருந்தவை மிகச் சில. அவற்றில் ஒன்று: தீட்டுக் கழிக்கும் மிக்வே தொட்டியில் இயற்கை நீர் 40 செயா (செயா, ஹீன், கவ், லோக் எல்லாம் பழைய முகத்தலளவைகள்) நிரம்புமுன் மொண்ட நீர் எவ்வளவு விழுந்தால் கெடும்? ஹில்லெல் ஒரு ஹீன் (12 லோக்) என்றார், ஷம்மாய் 9 கவ் (36 லோக்) என்றார். பார்த்தீர்களா, இங்கே இளக்கம் ஷம்மாய். கடைசியில் எருசலேமின் குப்பைவாசலில் இருந்து இரண்டு நெசவாளிகள் வந்து, 3 லோக் என்று ஷெமாயாவும் அவ்டாலியோனும் சொன்னதாகச் சாட்சி கொடுத்தார்கள். அதுவே சட்டமானது. பெரியவர்கள் இருவர் கருத்தும் தள்ளுபடி. தள்ளுபடியானதை மிஷ்னா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

ஹனுக்கா விளக்கை ஏன் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறார்கள்? (கொழும்பு வாசகர்)

ஹனுக்கா எட்டு நாள் விளக்கேற்றும் பண்டிகை. ஷம்மாய் பள்ளி முதல் நாள் எட்டு ஏற்றி நாளுக்கு ஒன்று குறைத்தது. ஹில்லெல் பள்ளி ஒன்றில் தொடங்கி ஏற்றியது, பரிசுத்தத்தில் ஏறலாமே தவிர இறங்கக் கூடாது என்ற காரணம் சொல்லி. ஏற்றுவதே நின்றது. மொத்தம் 36 சுடர். பற்ற வைக்கும் துணை விளக்கு நாளுக்கு ஒன்று சேர்த்தால் 44 மெழுகுவத்தி. வலமிருந்து இடமாக அடுக்கி, அன்று புதிதாக வைத்ததை, அதாவது இடக்கோடியில் உள்ளதை, முதலில் ஏற்றுவார்கள். இருட்டியபின் அரை மணி நேரமாவது எரிய வேண்டும். வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் விளக்குக்கு முன்பே, சூரியன் மறையுமுன் ஏற்றிவிடுவதால் வழக்கமான சின்ன வத்தி போதாது. அன்றைக்கு நீளமான வத்தியோ கூடுதல் எண்ணெயோ தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.